பாடத்தை யார் தீர்மானிப்பது?

2011 அக்டோபர் 9 அன்று டெல்லிப் பல்கலைக்கழகத்தின் கல்விக்குழு கூடியது. வரலாற்று மாணவர்கள் இளங்கலையில் சில ஆண்டுகளாகப் படித்துவந்த ஒரு கட்டுரையை வைத்திருப்பதா, எடுத்துவிடுவதா என்பது அன்றைய விவாதம். எடுத்துவிடுவது என்று முடிவானது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கூடிய அந்த அவையில் எதிர்ப்பைப் பதிவு செய்தவர்கள் ஒன்பது பேர்தான்.

நீக்கப்பட்டது ஏ.கே.ராமானுஜனின் ‘முந்நூறு ராமாயணங்கள்’. 1987-ல் ஒரு கருத்தரங்குக்காக எழுதப்பட்டு, 1991-ல் பவுலா ரிச்மன் தொகுத்த நூலில் அச்சான கட்டுரை அது. குறுந்தொகையையும் நம்மாழ்வார் பாசுரங்களையும் ஆங்கில வாசகர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ராமானுஜன். மைசூரில் பிறந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் கற்பித்து, 1993-ல் மறைந்தார். பக்தி இலக்கியத்துக்கு ஆயுள் முழுக்க உழைத்தவரின் எழுத்துதான், அவர் இறந்து 18 ஆண்டுகளுக்குப் பின் பக்தியைப் புண்படுத்துகிறது என்ற பெயரில் வகுப்பறையிலிருந்து வெளியேற்றப்பட்டது.

அகலிகை இருவர்

அப்படி என்ன எழுதிவிட்டார் என்று கேட்பவர்கள், அவர் அகலிகையை அணுகும் இடத்தைப் படிக்க வேண்டும். வால்மீகியில், முனிவர் வேடத்தில் வந்திருப்பவன் இந்திரன் என்று அகலிகைக்குத் தெரியும், தெரிந்தே இணங்குகிறாள். கணவர் கௌதமரின் சாபத்தால் யார் கண்ணுக்கும் படாமல், காற்றை உண்டு, சாம்பலில் கிடக்கிறாள். ராமனும் இலக்குவனும் வந்ததும் அவள் சாபம் தீர்கிறது. இருவரும் அவள் காலைத் தொட்டு வணங்குகிறார்கள். கம்பனிலோ அவள் கல்லாகிறாள். ராமனின் கால் தூசி பட்டதும் உயிர் பெறுகிறாள்.

ஒரே நிகழ்ச்சிதான். ஒன்றில் ராமன் அவள் காலைத் தொடுகிறான், மற்றதில் அவன் கால் தூசியே அவளை மீட்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே தமிழ்நாட்டில் ஆழ்வார்களின் பக்தி இயக்கம் நடந்து முடிந்திருக்கிறது என்பதை ராமானுஜன் எடுத்துக்காட்டுகிறார். வால்மீகியின் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனின் ராவணனோ பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போகிறான், அவன் விரல்கூட அவள் மேல் படுவதில்லை. சமண ராமாயணம், கன்னட நாட்டுப்புறப் பாடல், தாய்லாந்தின் ராமகீர்த்தி என்று கட்டுரை விரிகிறது. ஒரு கதை ஊர் ஊராக, காலம் காலமாக எப்படி வேர் பிடித்தது என்பதை ஒரு வரலாற்று மாணவருக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லித்தர முடியாது.

கட்டுரையை எதிர்த்தவர்கள் அதை முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. சீதையை ராவணனின் மகளாகச் சொல்லும் நாட்டுப்புறக் கதை, இந்திரன் பெற்ற சாபம் போன்ற சில பகுதிகளைத் தனியே பிய்த்தெடுத்தார்கள். 2008 பிப்ரவரியில் மாணவர் அமைப்பினர் வரலாற்றுத் துறைக்குள் புகுந்து பொருட்களை உடைத்தார்கள். துறைத் தலைவரும் தாக்கப்பட்டார். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், நால்வர் கொண்ட வல்லுநர் குழு அமைந்தது. மூவர் கட்டுரை இருக்கட்டும் என்றார்கள். நான்காமவர், இதைப் பக்குவமாகக் கற்பிப்பது ஆசிரியர்களுக்குக் கடினம் என்று தயங்கினார். கல்விக்குழு அந்த ஒருவரின் தயக்கத்தைப் பிடித்துக்கொண்டது. துறை அறிந்தவர்களின் பெரும்பான்மைக் கருத்து எடுபடவில்லை.

தொடுபுழாவும் மினசோட்டாவும்

இது ஒரு மதத்தின் கதை மட்டும் என்று யாரும் எண்ண வேண்டாம். கேரளத்தின் தொடுபுழா நியூமேன் கல்லூரியில் மலையாளம் கற்பித்தவர் டி.ஜே.ஜோசப். 2010-ல் அவர் தயாரித்த கல்லூரித் தேர்வு வினாத்தாளில், நிறுத்தக்குறிகள் இடும்படி ஓர் உரையாடல் கொடுக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு பாத்திரத்துக்கு அவர் வைத்த பெயர் நபிகளை இழிவுபடுத்துகிறது என்று கொந்தளிப்பு எழுந்தது. ஜூலை 4 அன்று, தேவாலயத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தவரின் வலது கையை ஒரு கும்பல் வெட்டியது. தாக்குதலில் தொடர்புடைய பலர் பின்னர் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால், மருத்துவமனையிலிருந்து மீண்டவரை அவருடைய கல்லூரியே அந்த ஆண்டு செப்டம்பரில் வேலையிலிருந்து நீக்கியது. மத நிந்தனை வழக்கிலிருந்து 2013-ல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதன் பிறகும் வேலை திரும்பவில்லை. வருமானமும் நிம்மதியும் இழந்த அந்த வீட்டில், 2014 மார்ச்சில் அவருடைய மனைவி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகே, ஓய்வு பெற சில நாட்களே மிச்சமிருந்த நிலையில், கல்லூரி அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள ஹேம்லின் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரில் நடந்தது வன்முறை இல்லாத இன்னொரு வடிவம். கலை வரலாறு கற்பித்த எரிகா லோபஸ் பிரேட்டர், 14-ஆம் நூற்றாண்டுப் பாரசீக ஓவியம் ஒன்றை வகுப்பில் காட்டினார். ஜிப்ரீல் வானவரிடமிருந்து நபிகள் இறைச்செய்தி பெறும் காட்சி அது. ஒரு முஸ்லிம் அரசவையில், ரஷீதுத்தீன் எழுதிய உலக வரலாற்று நூலுக்காகத் தீட்டப்பட்டது. இப்படிப்பட்ட படங்கள் வரும் என்று பாடத்திட்டத்திலேயே எழுதியிருந்தார். வகுப்பிலும் முன்கூட்டிச் சொல்லி, பார்க்க விரும்பாதவர்கள் விலகிக்கொள்ள நேரம் கொடுத்தார். இருந்தும் ஒரு மாணவி புகார் செய்ததும், நிர்வாகம் அந்தச் செயலை இஸ்லாமிய வெறுப்பு என்று முத்திரை குத்தியது. அடுத்த பருவத்துக்கு அவருக்கு வகுப்பு தரப்படவில்லை. அமெரிக்க முஸ்லிம் அமைப்புகளில் ஒன்றே ஆசிரியைக்கு ஆதரவாக அறிக்கை விட்டது. ‘இஸ்லாமிய வெறுப்பு’ என்ற சொல்லைப் பயன்படுத்தியது தவறு என்று பல்கலைக்கழகம் பிறகு ஒப்புக்கொண்டது. ஆசிரியர் மன்றம் 71-க்கு 12 என்ற வாக்கில் பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலக வேண்டும் என்று கோரியது.

மூன்று இடங்களிலும் புகார் சொன்னவர்கள் வேறு, மதமும் நாடும்கூட எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஆசிரியரின் பக்கம் நின்றிருக்க வேண்டிய நிறுவனம் நெருக்கடியில் கைவிட்டது என்பது மட்டும் மாறவில்லை.

நம்பிக்கையோடு வரும் மாணவர்

மனம் புண்படுகிறது என்று சொல்லும் மாணவரை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. வீட்டில் பாட்டி சுந்தர காண்டம் பாராயணம் செய்வதைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு, சீதையைப் பற்றிய வேறொரு கதை முதல் முறை காதில் விழும்போது உறுத்தத்தான் செய்யும். நபிகளின் உருவத்தை வரையக் கூடாது என்று கற்று வந்த இளைஞருக்கு அந்த ஓவியம் உண்மையாகவே வலிக்கும். ஆசிரியருக்கு அந்த வலியை மதிக்கும் கடமை உண்டு. நம்பிக்கையைக் கிண்டல் செய்து கைத்தட்டல் வாங்குவது கற்பித்தலில் சேராது.

மதிப்பதற்கு வழிகள் இருக்கின்றன. என்ன வரப்போகிறது என்று முன்பே சொல்லலாம். இது யாருடைய கதை, எந்தக் காலத்தது, ஏன் படிக்கிறோம் என்று விளக்கலாம். மாணவர் எழுந்து மறுத்துப் பேச இடம் கொடுக்கலாம். தேர்வில் பாடம் புரிந்ததா என்று மட்டும் கேட்கலாம். நம்புகிறாயா என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை. இத்தனைக்கும் பிறகு எஞ்சும் உறுத்தல் கல்வியின் ஒரு பகுதி. அதைச் சொல்லி ஒரு மாணவர் வாதிடலாம், வெளிநடப்பும் செய்யலாம். பக்கத்தில் இருக்கும் நாற்பது பேரின் பாடத்தை அழிக்கச் சொல்ல அவருக்கு உரிமை கிடையாது.

மனம் புண்படுவது வேறு, வேண்டுமென்றே புண்படுத்துவது வேறு என்பதைச் சட்டமே அறியும். 1927-ல் சேர்க்கப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவும், இன்று அதன் இடத்தில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவும், வேண்டுமென்றே தீய நோக்கத்தோடு மத உணர்வைப் புண்படுத்துவதைத்தான் குற்றம் என்கின்றன. நோக்கம் என்ன என்று காவல் துறையும் நீதிமன்றமும் ஆராய வேண்டும். கல்லூரி நிர்வாகங்களோ புகார் வந்த அன்றே தீர்ப்பு எழுதிவிடுகின்றன.

நம்முடைய மரபு

தமிழுக்கு இது புதிய சிக்கல் இல்லை. மணிமேகலையில் ஒரு காதை முழுவதும், அவள் வஞ்சி நகரில் பல சமயத்து ஆசிரியர்களிடம் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். குண்டலகேசி என்ற பௌத்த நூலுக்கு நீலகேசி என்ற சமண நூல் மறுப்பாக எழுந்தது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் ஆழ்ந்த சைவப் பின்னணி கொண்டவர். சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது, அந்த ஊர்ச் சமணர்களின் வீடு தேடிப் போய், அவர்களுடைய நம்பிக்கையை அவர்கள் வாயாலேயே கேட்டுத் தெளிந்தார். 1887-ல் நூல் வெளிவந்தது. பிற சமயத்தைப் படித்ததால் அவருடைய சைவம் குறையவில்லை.

1943-ல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டுமா என்ற விவாதமே சென்னை சட்டக் கல்லூரியில் நடந்தது. ஒரு பக்கம் அண்ணா, மறுபக்கம் ரா.பி.சேதுப்பிள்ளை. இருவரும் பேசினார்கள், மாணவர்கள் கேட்டார்கள். அதே காலத்தில்தான் புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1948-ல் தடை செய்யப்பட்டு, 1971 வரை தடையிலேயே கிடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. இன்று தமிழ்த் துறைகளில் கம்பனையும் படிக்கலாம், குழந்தையையும் படிக்கலாம். யாருடைய ராமனும் அதனால் சிறுத்துவிடவில்லை.

ஆனாலும் இன்றைய ஆசிரியரின் அச்சம் நியாயமானது. நம் அரசுக் கல்லூரிகளில் பல வகுப்புகளைத் தாங்கிக்கொண்டிருப்பவர்கள் பணிப் பாதுகாப்பு இல்லாத கௌரவ விரிவுரையாளர்கள். ஹேம்லினில் வகுப்பை இழந்தவரும் அப்படிப்பட்ட தற்காலிக ஆசிரியைதான். யாரோ கைபேசியில் எடுத்த அரை நிமிடக் காணொளி போதும், அவர்களுடைய வேலை போய்விடும். அதனால் சர்ச்சைக்குரிய பக்கம் வந்ததும் ‘நீங்களே படித்துக்கொள்ளுங்கள்’ என்று தாண்டிப் போகிறார்கள். எந்தக் கல்விக்குழுவும் கூடாமலே, எந்த வாக்கெடுப்பும் இல்லாமலே அந்தப் பாடம் நீங்கிவிடுகிறது.

கல்லூரி முதல்வர்களுக்கும் துணைவேந்தர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புகார் வந்தால் முதலில் பாடத்தை முழுதாகப் படியுங்கள். அந்தத் துறை அறிந்தவர்களிடம் அனுப்புங்கள். ஆசிரியரை அழைத்துக் கேளுங்கள். துறை அறிந்தவர்கள் தீர்ப்பு சொல்லும்வரை யாரையும் இடைநீக்கம் செய்யாதீர்கள். தீர்ப்பு வந்த பின் அதன்படி நில்லுங்கள். வன்முறையோடு வரும் கோரிக்கையை மேசைக்கே எடுக்காதீர்கள். பாடம் என்ன என்பதைப் பாடம் அறிந்தவர்கள் தீர்மானிக்கட்டும். அந்த உரிமையை வாசலில் நிற்கும் கூட்டத்திடம் ஒப்படைக்கும் கல்லூரி, கல்லூரி என்ற பெயருக்கே தகுதி இழந்துவிடும்.