பந்தயக் குதிரையும் எக்ஸ் கதிரும்

ஓர் உயிர் மாண்டு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, அதன் உடலில் நஞ்சு ஏறியிருந்ததா என்று ஒரு மயிரிழையைக் கொண்டு கண்டறிய முடியுமா? முடியும் என்கிறது இயற்பியல். அப்படி ஆராயப்பட்டது ஒரு குதிரையின் மயிர். அந்தக் குதிரையின் பெயர் ஃபார் லாப். தாய்லாந்து மொழியில் 'மின்னல்' என்று பொருள்.

ஃபார் லாப் 1926-இல் நியூசிலாந்தில் பிறந்தது. 1928-இல் ஏலத்தில் வெறும் 160 கினிக்கு விலைபோன இக்குதிரை, ஆஸ்திரேலியாவில் பயிற்சியாளர் ஹாரி டெல்ஃபோர்டின் கையில் வளர்ந்தது. ஓடிய 51 பந்தயங்களில் 37-இல் வென்றது. உலகப் பொருளாதார நெருக்கடியில் வேலையின்றித் தவித்த மக்களுக்கு அதன் வெற்றிகள் பெரும் ஆறுதலாயின.

1930 நவம்பர் முதல் நாள் காலை, பயிற்சி முடிந்து திரும்பிய குதிரையை யாரோ துப்பாக்கியால் சுட்டனர். குண்டு படவில்லை. அன்று பிற்பகலே அது ஒரு பந்தயத்தில் வென்றது! மூன்று நாள் கழித்து, புகழ்பெற்ற மெல்போர்ன் கோப்பையையும் வென்றது.

இப்பந்தயத்தில் ஒரு விதி உண்டு. திறமை மிகுந்த குதிரை அதிக எடையைச் சுமக்க வேண்டும். ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தில் ஈயத்தைச் சேர்ப்பார்கள். 1930-இல் ஃபார் லாப் சுமந்தது சுமார் 62.6 கிலோ, அடுத்த ஆண்டு 68 கிலோ. கூடுதல் எடை ஐந்தரைக் கிலோதானே என்று நினைக்கிறீர்களா? இரண்டு மைல் தூரத்தில் குதிரை ஏறத்தாழ 500 முறை தாவுகிறது. ஒவ்வொரு தாவலிலும் அந்த எடையையும் உயர்த்தியாக வேண்டும். 1931-இல் ஃபார் லாப் எட்டாவதாகத்தான் வந்தது.

பிறகு அதைக் கப்பலில் வட அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். புல்தரையிலேயே ஓடிப் பழகிய குதிரை, 1932 மார்ச் 20-இல் மெக்ஸிகோவின் அகுவா கலியென்டேயில் மண்தரையிலும் வென்றது. அடுத்த 16-ஆம் நாள், ஏப்ரல் 5-இல், கலிஃபோர்னியாவில் கடும் வயிற்று வலியால் துடித்து இறந்தது. அன்புடன் பராமரித்து வந்த டாமி உட்காக் அருகிலேயே இருந்தார். நஞ்சு வைத்தார்களா? பூச்சிமருந்து பட்ட இலைகளைத் தின்றதா? குடல் நோயா? விவாதம் ஓயவில்லை.

குதிரையின் தோல் பாடம் செய்யப்பட்டு மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பிடரி மயிரைத்தான் விஞ்ஞானிகள் எடுத்துக்கொண்டனர். ஆனால் ஒரு சிக்கல். அக்காலத்தில் தோலைப் பாடம் செய்யவும் ஆர்சனிக் நஞ்சையே பயன்படுத்தினர். மயிரில் ஆர்சனிக் இருந்தால், அது உயிரோடிருந்தபோது சேர்ந்ததா, இறந்தபின் பூசியதா?

இங்கேதான் எக்ஸ் கதிர் உதவுகிறது. அடுப்புத் தீயில் உப்பைத் தூவினால் மஞ்சள் ஒளி தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அது சோடியத்தின் அடையாளம். அதுபோலவே, எக்ஸ் கதிர் பட்டால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலுள்ள எக்ஸ் கதிரைத் திருப்பி வீசும். சிங்க்ரோட்ரான் என்னும் பெரும் கருவியில், ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் செல்லும் எலெக்ட்ரான்களைக் காந்தங்கள் வளைக்கின்றன. அப்போது மிக வலிமையான எக்ஸ் கதிர்கள் கிடைக்கின்றன. அவற்றை மயிரைவிட மெல்லிய கற்றையாக்கி, மயிரின் வேரிலிருந்து நுனி வரை ஒவ்வொரு புள்ளியாகச் சோதிக்கலாம்.

வெளியே பூசிய மருந்து மயிரின் நீளம் முழுவதும் படியும். உண்ட நஞ்சோ இரத்தத்தின் வழியே வேருக்கு வந்து, அந்நேரத்தில் வளரும் சிறு பகுதியில் மட்டும் சேரும். இரண்டிலும் ஆர்சனிக்கின் வேதி வடிவமும் வேறுபடும். ஐவன் கெம்ப்சன், டெர்மட் ஹென்றி ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இறப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை நாளுக்கு முன் ஃபார் லாப்பின் உடலில் ஆர்சனிக் சேர்ந்திருக்கிறது.

அப்படியானால் கொலைதானா? அவசரப்படாதீர்கள். அந்நாளில் குதிரைகளுக்கு ஊக்கமருந்தாகவும் ஆர்சனிக் கொடுப்பது வழக்கம். டெல்ஃபோர்டின் குறிப்பேட்டிலும் அத்தகைய மருந்துகள் உண்டு. நல்லெண்ணத்தோடு கொடுத்த மருந்தே அளவு மிஞ்சியிருக்கலாம். குடல் நோயே காரணம் என்று கருதும் மருத்துவர்களும் உள்ளனர். நஞ்சு உடலில் எப்போது சேர்ந்தது என்று மயிர் சொல்லும். யார் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்று சொல்லாது. கருவி எதை அளந்தது, நாம் எதை ஊகிக்கிறோம் என்று பிரித்துப் பார்ப்பது ஆய்வுக்கூடத்தில் மாணவர் கற்க வேண்டிய முதல் பாடம் அல்லவா?