மூத்தது ஆபரேஷன் என்றால் இளையதும் ஆபரேஷன்தானா?



பிரசவ வார்டில் தாய்மாரைச் சந்திக்கும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஐயா, மூத்தவனுக்கு வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். இதற்கும் அப்படித்தானா?" டாக்டரிடம் கேட்கப் பலருக்கும் தயக்கம். டாக்டர்கள் எங்களுக்கு விளக்கிச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறோம்.

ஒருமுறை சிசேரியன் ஆனால் என்றும் சிசேரியன்தான் என்று 1916-இல் நியூயார்க்கைச் சேர்ந்த டாக்டர் எட்வின் கிராகின் எழுதினார். அந்நாளில் கர்ப்பப்பையை நெடுக்காகக் கீறினார்கள். அடுத்த பிரசவ வலியில் அத்தழும்பு பிரியும் ஆபத்து அதிகம். பிற்பாடு கிளாஸ்கோ நகர டாக்டர் மன்ரோ கெர் முதலானோரின் முயற்சியால், கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறை பரவியது. இத்தழும்பு நன்கு தாங்கும்.

இப்படி ஒரே ஒரு குறுக்குத் தழும்புள்ள தாய்மார் முயன்று பார்த்தால், ஏறக்குறைய நான்கில் மூவருக்கு இயல்பாகவே குழந்தை பிறக்கிறது. தழும்பு பிரிவது தானாக வலி வந்தவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்கே. மருந்து கொடுத்து வலி வரவழைத்தால் ஆபத்து கூடும். பிரிந்துவிட்டால் தாயையும் சேயையும் காப்பாற்ற நிமிடக் கணக்கில்தான் நேரம். ஆகவே இதை வீட்டில் முயலக் கூடாது. ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், இரத்தம் எல்லாம் இரவிலும் ஆயத்தமாக இருக்கும் இடத்தில்தான் முயல வேண்டும்.

மறுபடியும் ஆபரேஷன் செய்வதிலும் ஆபத்து இல்லாமலில்லை. ஆபரேஷன்களின் எண்ணிக்கை கூடக்கூட, நஞ்சு பழைய தழும்பில் வேரோடிப் பெரும் இரத்தப்போக்கு உண்டாகும் அபாயமும் கூடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் சுமார் 45 சிசேரியன். எனவே இக்கேள்வி நம் சபைகளில் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி.

தாய்மாரின் மனம் ஒரே விதமாக இல்லை. முதல் முறை இரவெல்லாம் வலியும் பட்டு, பின் கத்தியும் பட்டவர்கள், "இரண்டையும் இன்னொரு தரம் தாங்க மாட்டேன்" என்கிறார்கள். ஆபரேஷனையே தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. வீட்டில் மூத்த பிள்ளையைத் தூக்க வேண்டும், தண்ணீர் சுமக்க வேண்டும் என்று இயல்பான பிரசவத்தை விரும்புவோரும் உண்டு. முயன்றும் முடியாமல் தியேட்டருக்குப் போனவர்களோ, தாங்கள் தோற்றுவிட்டதாக அழுகிறார்கள். மற்றதைச் 'சுகப்பிரசவம்' என்று சொல்லிச் சொல்லியே இவர்களை நாம் நோகடிக்கிறோம். இருவரும் பிள்ளை பெற்றவர்களே. வார்டில் எங்கள் ஊழியத்தில் பாதி, இதை அவர்களுக்கும் மாமியார்மாருக்கும் எடுத்துச் சொல்வதுதான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வயிற்றின் மேல்தோலில் உள்ள தழும்பை வைத்து, உள்ளே கீறியது நெடுக்கா குறுக்கா என்று சொல்ல முடியாது. டிஸ்சார்ஜ் சீட்டுதான் அதற்குச் சாட்சி. அது தொலைந்துபோனால், முயலலாமா என்று முடிவு செய்வதே கடினமாகிறது. ஞானஸ்நானச் சான்றிதழைப் போல அந்தச் சீட்டையும் பத்திரப்படுத்தும்படி உங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பும் காணிக்கை, இத்தாய்மார் அருகே இரவு முழுவதும் கண்விழித்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனிக்கும் நர்ஸ்மாரைத் தாங்குகிறது. அவர்களை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.