பூஜையறையில் இடம்பெறும் அழைப்பிதழ்

ஆலயங்களில் மகா கும்பாபிஷேகம் ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் பெருவிழாவாகும். 1827ஆம் ஆண்டில் தோன்றிய சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தில் 2010ஆம் ஆண்டிற்குப் பின்னர், 2023ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாளன்றே அவ்வைபவம் மீண்டும் நிகழ்ந்தது. வாழ்நாளில் சில முறையே காணக் கிடைக்கும் அந்நன்னாளுக்கு அழைக்கும் இதழ், விழா முடிந்ததும் குப்பைக்கூடையைச் சேர்வது பக்தர் மனத்தை உறுத்துவதாகும். அதில் அன்னையின் திருவுருவமும் திருநாமமும் அன்றோ உள்ளன!

பெரும் எண்ணிக்கையில் அனுப்பப்படும் இதழ்களை அச்சகத்தாரே அச்சிடுவர். எனினும், உபயதாரர்களையும் முதியோரையும் இல்லம் தேடிச் சென்று, வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமத்துடன் தட்டில் வைத்து அழைப்பதற்கெனச் சிறப்பிதழ்கள் சில தேவைப்படும். அச்சகத்தில் வழக்கமான முறையில் பொன்னிற எழுத்துப் பதிக்க உலோக அச்சு செய்தாக வேண்டும். சிறு எண்ணிக்கைக்கு அச்செலவு கட்டுபடியாகாது. இக்குறையை இன்று வீட்டிலுள்ள சிறு இயந்திரங்களே தீர்த்து வைக்கின்றன.

செய்முறை எளிது. வழவழப்பான தடித்த அட்டையில் லேசர் பிரிண்டர் கொண்டு எழுத்துகளை அச்சிட வேண்டும். பொன்னிற ஃபாயில் தாளைத் திருநாமத்தின் அளவிற்கு நறுக்கி, மினுங்கும் பக்கம் மேலிருக்குமாறு அதன்மீது வைத்து, பார்ச்மென்ட் தாளால் மூடி, சூடேறிய லேமினேட்டரில் செலுத்த வேண்டும். வெப்பத்தில் இளகும் டோனர் பொன்னிறத்தைப் பற்றிக்கொள்ளும். ஆறியபின் உரித்தால் திருநாமம் மட்டும் பொன்னாய் ஒளிரும். ஏனைய எழுத்துகள் கருமையாகவே நிற்கும். இங்க்ஜெட் மையில் இது கைகூடாது. சொரசொரப்பான அட்டையிலோ பொன்னிறம் திட்டுத்திட்டாகப் படியும்.

இதழைக் காக்கும் வழி இங்கேதான் பிறக்கிறது. அன்னையின் திருவுருவத்தையும் பொன்னிறத் திருநாமத்தையும் உள்ளங்கை அளவுள்ள தனி அட்டையில் அமைத்து, கணினியுடன் இணைந்த வெட்டும் இயந்திரத்தால் கோபுர வடிவில் வெட்டி, இதழினுள் செருகி விடலாம். விழாவிற்குப் பின் அச்சிற்றட்டை பூஜையறையில் இடம்பெறும். நிகழ்ச்சி நிரல் தாங்கிய பகுதியில் திருவுருவத்திற்கு மாறாகக் குத்துவிளக்கு வடிவம் போதுமானது.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. பொன்னிறம் ஏறிய எழுத்தைத் திருத்த இயலாது. அன்றியும், முகூர்த்த நேரத்தில் பிழை நேர்ந்தால் வந்தவர் குடமுழுக்கைக் காணாது திரும்ப நேரும். உபயதாரர் பெயர் விடுபட்டால் பல்லாண்டு உறவு கசக்கும். ஆகவே திதி, நட்சத்திரம், லக்னம் ஆகியவற்றைச் சிவாச்சாரியாரும், பெயர்களை நிர்வாகத்தினர் இருவரும் சரிபார்த்த பின்னரே இயந்திரத்தைத் தொடுதல் வேண்டும்.

நிறைவாக, முதல் இதழின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி அன்னையின் திருவடியில் வைத்து வழிபட்ட பின்னரே ஏனையோரை அழைப்பது மரபு. இயந்திரம் தருவது மினுமினுப்பே. அழைப்பிற்கு மாண்பு சேர்ப்பது அவ்வழிபாடும், இல்லம் தேடிச் செல்லும் பாதங்களுமே ஆகும்.