அஞ்சு ஸ்டார் வாங்கியும் ஸ்கோர் ஏன் இறங்குது?

மூணாம் வருஷம் தாண்டினதும் நம்ம கிளாஸ்ல நிறைய பேருக்கு ஏதாவது ஒரு ப்ரீலான்ஸ் தளத்துல அக்கவுண்ட் வந்துடுது. லோகோ, வீடியோ எடிட்டிங், வேர்ட்பிரஸ் சைட், பைத்தான் ஸ்கிரிப்ட், கேட் டிராயிங் என்று ஆளுக்கொன்று செய்து கொடுக்கிறோம். கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் கேட்கிற கேள்வி இது: "மக்கா, கிளையண்ட் அஞ்சு ஸ்டார் தந்துட்டுதான் போனான். பின்ன பார்த்தா ஸ்கோர் இறங்கிக் கிடக்கு. எப்படிடே?"

இதற்குப் பதில் இருக்கிறது. ப்ளஸ் டூ அளவு கணக்கு தெரிந்தால் போதும்.

முதலில் ஸ்கோர் எதற்கு என்று பார்ப்போம். எங்க ஊர் மணவாளக்குறிச்சியில் வீட்டுக்கு வயரிங் பண்ண ஆள் வேணும்னா யாரும் ரேட்டிங் தேட மாட்டாங்க. ஜங்ஷன் டீக்கடையில் கேட்டால் போதும். "வேலை சுத்தமா இருக்கும், ஆனா சொன்ன நாளைக்கு வரமாட்டாரு" என்று ஒருத்தர் சொல்வார். "சாமான் விலை கொஞ்சம் கூடச் சொல்லுவாரு, மத்தபடி ஒரு குறையும் இல்ல" என்று இன்னொருத்தர். கேட்கிற நமக்கு, சொல்கிறவர் யார், அவருக்கும் அந்த அண்ணனுக்கும் ஏதாவது வாய்க்கால் தகராறு உண்டா, அவர் வீட்டில் நடந்தது பெரிய வேலையா ஒரு ஃபேன் மாட்டினதா எல்லாம் தெரியும். அதற்குத் தகுந்தபடி ஒவ்வொரு பேச்சுக்கும் மனசுக்குள்ளேயே எடை போட்டுக்கொள்கிறோம்.

டொரண்டோவில் உட்கார்ந்திருக்கிற கிளையண்டுக்கு அந்த டீக்கடை கிடையாது. அவர் முன்னால் நாற்பது விண்ணப்பங்கள் இருக்கின்றன. நம் மனசு செய்த அந்த எடை போடும் வேலையைத் தளம் ஒரு சூத்திரத்திடம் கொடுத்துவிட்டு, வருகிற எண்ணை நம் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டுகிறது. எங்க ஊர் ஐ.ஆர்.இ.எல். மணல் ஆலையில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட் எல்லாம் கலந்து வருகிற கடல் மணலை அடர்த்தி, காந்தத்தன்மை, மின்கடத்தும் தன்மை என்று ஒவ்வொரு குணமாகப் பார்த்துத் தனித்தனியாகப் பிரிப்பாங்க. ரேட்டிங் இதற்கு நேர் எதிர் வேலை. தனித்தனியாக இருந்த குணங்களை ஒரே குவியலாகக் கொட்டிவிடும்.

அப்வொர்க்கை எடுத்துக்கொள்வோம். எலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டு தளங்கள் சேர்ந்து, 2015-ல் இந்தப் பெயருக்கு மாறியது. வேலை முடிந்ததும் கிளையண்ட் திறமை, தரம், தொடர்பில் கிடைப்பது, சொன்ன நேரத்தில் முடிப்பது, பேச்சுத் தொடர்பு, ஒத்துழைப்பு என்று ஆறு தலைப்பில் ஸ்டார் போடுகிறார். அதுதான் வெளியே தெரியும் ஸ்டார். இந்த ஸ்டார்களைச் சும்மா கூட்டி வகுப்பதில்லை. ஓடெஸ்க் காலத்திலிருந்தே அந்த வேலையில் எவ்வளவு டாலர் கைமாறியதோ, அதுதான் எடை.

இது நமக்குப் புதுசு இல்லை. சி.ஜி.பி.ஏ. கணக்கில் நாலு கிரெடிட் பேப்பரில் சறுக்கினால் என்ன ஆகும், ஒன்றரை கிரெடிட் லேபில் சறுக்கினால் என்ன ஆகும்? அதேதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. பத்து டாலர் வேலை பத்து முடித்திருக்கிறீர்கள், பத்திலும் 5 ஸ்டார். பிறகு 400 டாலருக்கு ஒரு வேலை, அதில் 3.5. சாதாரண சராசரி எடுத்தால் 4.86 வரும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். டாலர் எடை போட்டால் (100 × 5 + 400 × 3.5) ÷ 500, அதாவது 3.8. சேக்காளியை வைத்து அஞ்சு டாலருக்குப் போலி வேலை போடச் சொல்லி ஸ்டார் ஏற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்க. அக்கவுண்ட் பறிபோகும் ஆபத்து ஒருபக்கம். இன்னொரு பக்கம், அந்த அஞ்சு டாலர் ஸ்டாருக்கு எடையே கிடையாது.

இப்போது கேள்விக்கு வருவோம். ஸ்டாரைத் தவிர 'ஜாப் சக்சஸ் ஸ்கோர்' என்று இன்னொரு சதவீதம் இருக்கிறது. அப்வொர்க் தன் உதவிப் பக்கத்தில் சொல்லிவந்த சூத்திரம் ரொம்ப எளிமை: நல்லபடி முடிந்த வேலைகளில் இருந்து மோசமாக முடிந்தவற்றைக் கழித்து, மொத்தத்தால் வகுக்கணும். கழிக்கிறார்கள் என்பதைக் கவனிங்க. பத்து வேலையில் ஒன்பது நல்லது, ஒன்று மோசம் என்றால் நாம் 90 சதவீதம் என்று நினைப்போம். (9 − 1) ÷ 10, 80 சதவீதம்தான். 'டாப் ரேட்டட்' பட்டைக்குக் குறைந்தபட்சம் 90 வேணும். ஒரே ஒரு மோசமான முடிவை வைத்துக்கொண்டு 90-ஐத் தொட மொத்தம் இருபது வேலை ஆகணும்: (19 − 1) ÷ 20. ஒரு கெட்ட கிளையண்டுக்கு ஈடுகட்டப் பத்தொன்பது நல்ல கிளையண்ட். தொடக்கத்தில் இருக்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய மலை என்று யோசிச்சுப் பாருங்க.

சரி, எது 'நல்லபடி', எது 'மோசம்'? அதைத் தீர்மானிப்பதில்தான் நமக்குத் தெரியாத ஒன்று நுழைகிறது. வேலை முடியும்போது கிளையண்டிடம் தனியாகவும் கேட்கிறார்கள், இவரை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10-க்குள் சொல்லுங்கள் என்று. இந்தப் பதிலை நமக்குக் காட்டவே மாட்டார்கள். வெளியே அஞ்சு ஸ்டார், உள்ளே ஆறு மார்க். ஸ்கோர் இறங்கும் மர்மம் பெரும்பாலும் இதுதான்.

ஆறு மார்க் என்ன அவ்வளவு மோசமா என்று கேட்கலாம். நமக்கு 60 சதவீதம் என்றால் ஃபர்ஸ்ட் கிளாஸ். ஆனால் கம்பெனிகள் வாடிக்கையாளர் மனசை அளக்க இதே கேள்வியை வைத்து ஒரு முறையை 2003 முதல் பயன்படுத்துகின்றன. அதில் 9, 10 போட்டவர் ஆதரவாளர். 7, 8 போட்டவர் கணக்கிலேயே வரமாட்டார். 6-ம் அதற்குக் கீழும் எதிராளி. ஆதரவாளர் சதவீதத்தில் இருந்து எதிராளி சதவீதத்தைக் கழிப்பார்கள். அப்வொர்க் சூத்திரத்தின் சாயல் தெரிகிறதா? அதே கோடுகளைத்தான் போடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை, எங்கே கோடு போடுகிறார்கள் என்பதை அவர்கள் வெளியிடுவதில்லை. ஆனால் பத்துக்கு ஏழு போட்ட கிளையண்ட் நமக்கு நல்லது செய்ததாக நினைக்க வேண்டாம்.

ஏன் இப்படி ஒளித்து வைக்கணும்? எனக்கும் முதலில் இது அநியாயமாகத்தான் பட்டது. காரணம் படித்தபோது பாதி சமாதானம் ஆனது. ஜான் ஹார்ட்டனும் இன்னும் இரண்டு பேரும் ஒரு பெரிய ஆன்லைன் வேலைத் தளத்தின் தகவல்களை ஆராய்ந்தார்கள். 2007-ல் முழு அஞ்சு ஸ்டார் வாங்கியவர்கள் மூன்றில் ஒரு பங்கு. 2016-ல் 85 சதவீதம். வேலை அவ்வளவு தரமாக மாறிவிட்டதா என்றால் அதை வைத்து மட்டும் இந்த ஏற்றத்தை விளக்க முடியவில்லை. கிளையண்டுக்கு மனசு கேட்பதில்லை, அதுதான் காரணம். நாலு போட்டால் அந்தப் பையன் பிழைப்பு போய்விடுமே என்று அஞ்சு போடுகிறார். எல்லாரும் அஞ்சு போட்டால் நாலு இன்னும் மோசமான மார்க்காகிறது, அடுத்தவர் நாலு போட இன்னும் தயங்குகிறார். இன்டர்னல் மார்க் எல்லாருக்கும் முழுசாகப் போட்டுவிட்டால் அதில் யார் நல்லாப் படிக்கிறவன் என்று கண்டுபிடிக்க முடியுமா? அதே கதை. அதனால்தான் தனியாகக் கேட்கிறார்கள். அங்கே கிளையண்ட் முகம் பார்க்காமல் உண்மையைச் சொல்கிறார். இது கணக்களவில் நியாயம்தான். ஆனால் ஆறு மார்க் வாங்கியவனுக்கு எதில் குறை என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் விடுவதற்கு இது காரணம் ஆகாது. டீக்கடையில் குறை சொன்னால் சுற்றிச் சுற்றி அந்த வயரிங் அண்ணன் காதுக்காவது போய்ச் சேரும்.

ஒரு சின்ன நிம்மதி: இந்த ஸ்கோரை 6, 12, 24 மாதம் என்று மூன்று கால அளவில் போட்டு, எது நமக்குச் சாதகமோ அதைக் காட்டுவது அப்வொர்க் வழக்கம். பழைய தோல்வி ஒன்று இருந்து, அதற்குப் பின் ஆறு மாதம் நன்றாக ஓடினால் அந்தப் பழசு மறைந்துவிட வாய்ப்பு உண்டு. நம்ம அரியரை விடப் பரவாயில்லை.

அடுத்து, ஆரம்பிக்கிறவன் பிரச்சனை. ரெண்டே ரெண்டு வேலை, ரெண்டிலும் 5. இன்னொருவர் 80 வேலை, சராசரி 4.8. யாரை மேலே காட்டுவது? இதற்கு ஒரு தெரிந்த வழி உண்டு. எல்லாருக்கும் தொடக்கத்திலேயே சில கற்பனை ரேட்டிங்குகளைச் சராசரி மதிப்பில் சேர்த்துவிடுவது. ஐ.எம்.டி.பி. தன் சிறந்த 250 படங்கள் பட்டியலுக்கு இந்த மாதிரிச் சூத்திரத்தை வெளிப்படையாகவே போட்டிருந்தது. தளச் சராசரி 4.6, கற்பனை ரேட்டிங் 10 என்று வைத்தால், புதியவருக்கு (46 + 10) ÷ 12 = 4.67, பழையவருக்கு (46 + 384) ÷ 90 = 4.78. பழையவர் மேலே. வாங்குகிறவருக்கு இது பாதுகாப்பு, புதியவருக்குக் கதவடைப்பு.

இந்தக் கதவை ஒருவர் திறந்தே பார்த்தார். அமாண்டா பாலைஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் ஓடெஸ்க்கில் டேட்டா என்ட்ரி வேலைக்கு 952 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து வேலை கொடுத்தார். சிலருக்குச் சுருக்கமான மதிப்பீடு, சிலருக்கு விரிவான மதிப்பீடு. 2014-ல் வெளியான முடிவு: அந்த ஒரு வேலை கிடைத்ததே அடுத்தடுத்த வாய்ப்புகளைக் கணிசமாகக் கூட்டியது, விரிவான மதிப்பீடு இன்னும் உதவியது. ஆள் எடுத்தது குலுக்கலில், அதனால் திறமைசாலிகளாகப் பார்த்து எடுத்துவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. முதல் வேலையைக் காசுக்காக மட்டும் பார்க்காமல், கிளையண்ட் நாலு வரி எழுதுவாரா என்று பார்த்து எடுக்கச் சொல்வது இதனால்தான்.

ஃபைவர் 2024 பிப்ரவரியில் வேறு வழிக்கு மாறியது. ஒவ்வொரு கிக்குக்கும் 1 முதல் 10 வரை 'சக்சஸ் ஸ்கோர்'. அதே பிரிவில், அதே மாதிரி விலையில் விற்கிற மற்றவர்களோடு ஒப்பிட்டுப் போடுவது. நம்ம ரிலேட்டிவ் கிரேடிங்தான். நீங்க அப்படியே இருந்தாலும் பக்கத்து பெஞ்சுக்காரன் முன்னேறினால் உங்க மார்க் குறையலாம்.

ஸ்கோர் வெறும் அலங்காரம் இல்லை என்பதை 2023-ல் அர்பன் கம்பெனியின் அழகுக்கலைப் பெண்கள் பல நகரங்களில் போராடியபோது நாம் செய்தியில் பார்த்தோம். ரேட்டிங் 4.7-க்குக் கீழே போனதால் ஐ.டி. முடக்கப்பட்டது என்பது அவர்கள் புகார்களில் ஒன்று. அஞ்சுக்கு 4.7 என்றால் 94 சதவீதம். நம்மில் எத்தனை பேருக்கு அந்த மார்க் இருக்கு?

சூத்திரத்தைக் காட்டச் சொல்லி வழக்குப் போட்டவர்களும் உண்டு. நம்ம ஊர் ஓலாவும் ஊபரும் அதில் எதிர்த்தரப்பு. ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஏப்ரலில், டிரைவர்களைப் பற்றிக் கணிக்கும் 'மோசடி வாய்ப்பு மதிப்பெண்' போன்ற விவரங்களை ஓலா அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் கை கொடுத்தது. இங்கே கர்நாடகம் 2025-ல் கொண்டுவந்த கிக் தொழிலாளர் சட்டத்தில் தானியங்கிக் கண்காணிப்பு முறைகளைப் பற்றித் தொழிலாளி விவரம் கேட்க வழி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2023-ல் அமைந்த வாரியம் நலத்திட்டங்களுக்கானது. டாலரில் வேலை செய்கிற நமக்கு இப்போதைக்கு ரெண்டுமே எட்டாத தூரம்.

கைவசம் இருப்பதை வைத்துச் செய்யக்கூடியது இவ்வளவுதான். பெரிய தொகை வேலையை உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில் மட்டும் எடுங்க, எடை அங்கேதான். செமஸ்டர் பரீட்சை வாரத்தில் புது கான்ட்ராக்ட் வேண்டாம். முடிப்பதற்கு முன்னால் "இன்னும் ஏதாவது மாற்றணுமா?" என்று ஒருமுறை கேளுங்க. வெளியே சொல்லத் தயங்குகிற குறை அங்கேயே வந்துவிட்டால் தனி மார்க்கில் வராது. அப்புறம், அப்வொர்க்கின் 100 சதவீதத்தை ஃபைவருக்கு எடுத்துப் போக முடியாது, ரெண்டும் தனித்தனி சந்தை. அதனால் கிளையண்ட் அனுமதியோடு வேலை மாதிரியைச் சொந்தப் பக்கத்தில் வையுங்க, ரெண்டு வரி பரிந்துரை கேட்டு வாங்குங்க. கான்ட்ராக்ட் மூடுவதற்கு முன்பே கேட்கணும். மூடின பிறகு பல பேர் மெசேஜைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.