எஃப்64 எங்கே போனது?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் ஐந்தாம் அத்தியாயம் மனநலக் கோளாறுகளுக்கானது. பத்தாம் பதிப்பில் திருநருக்கான எஃப்64 என்ற குறியீடு அங்கேதான் இருந்தது. 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற பதினொன்றாம் பதிப்பில் மனநலப் பகுதியைப் புரட்டினால் அது இல்லை. பாலியல் நலம் பற்றிய பதினேழாம் அத்தியாயத்துக்குக் குடிபெயர்ந்து, ஹெச்ஏ60 ஆகிவிட்டது. பெயரும் ‘பாலினப் பொருத்தமின்மை’ என்று மாறியது.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு வேறு வழியில் நகர்ந்தது. 1994-இல் ‘பாலின அடையாளக் கோளாறு’ என்றது. அதாவது அடையாளமே கோளாறு. 2013-இல் அதைக் கைவிட்டு, அதனால் வரும் மன உளைச்சலை மட்டும் நோயாக வைத்துக்கொண்டது. உளைச்சல் இல்லையென்றால் நோயும் இல்லை. நல்ல திருத்தம்தான். ஆனால் அந்த உளைச்சல் எங்கிருந்து வருகிறது?

இதைத்தான் மெக்சிகோ நகரில் ஆராய்ந்தார்கள். திருநருக்கான மருத்துவச் சேவை பெறும் 250 பேரிடம் அவர்களுடைய வளரிளம் பருவத்தைப் பற்றி விரிவாகக் கேட்டார்கள். 76 சதவீதம் பேர் புறக்கணிப்பையும் 63 சதவீதம் பேர் வன்முறையையும் சந்தித்திருந்தார்கள். அடித்தவர்களில் சொந்த வீட்டாரும் உண்டு. கணக்கிட்டுப் பார்த்தபோது, மனத் துயரத்தையும் வாழ்க்கை முடக்கத்தையும் வலுவாக முன்னறிவித்தவை இந்தப் புறக்கணிப்பும் வன்முறையுமே. பாலினப் பொருத்தமின்மை அல்ல. 2016-இல் வெளியான இந்த ஆய்வு, குறியீட்டை இடம் மாற்றச் சொன்னவர்களின் கையை வலுப்படுத்தியது. அடி வாங்கியவருக்கு நோய்ப்பட்டம், அடித்தவருக்கு ஒன்றுமில்லை என்றல்லவா இத்தனை காலம் இருந்திருக்கிறது!

அப்படியானால் குறியீட்டை அடியோடு எடுத்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். ஹார்மோன் சிகிச்சைக்கும் அறுவை சிகிச்சைக்கும் காப்பீடோ அரசோ பணம் தர வேண்டுமென்றால், பல நாடுகளில் படிவத்தில் ஒரு குறியீடு இருந்தாக வேண்டும். கர்ப்பம் நோயல்ல, ஆனாலும் அதே நூலில் அதற்குத் தனி அத்தியாயமே உண்டு. அந்த வழியைத்தான் இங்கும் பிடித்தார்கள்.

குழந்தைப் பருவத்துக்கான ஹெச்ஏ61 மட்டும் இன்னும் சர்ச்சையில் இருக்கிறது. பொம்மையோ உடையோ மாறினால் மட்டும் அந்தக் குறியீட்டைப் போடக் கூடாது என்று நூலே எச்சரிக்கிறது. பருவமடையாத குழந்தைக்கு ஹார்மோனும் இல்லை, அறுவையும் இல்லை. பிறகு குறியீடு எதற்கு என்று கேட்பவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது.