வரவறிந்து வாழ்தல்

மாதத்தின் முதல் நாளில் ஊதியம் பெறுவோர் சிலர். மாலைதோறும் கூலி பெற்று வீடு திரும்புவோர் பலர். அறுவடை முடிந்த பின்னரே பணத்தைக் காணும் உழவரும், வலை நிறைந்தால் மட்டுமே வருவாய் பெறும் மீனவரும் உளர். பணம் வரும் வழியும் காலமும் இவ்வாறு வேறுபட்டிருக்க, அதனைக் கையாளும் முறை மட்டும் அனைவர்க்கும் ஒன்றாக இருத்தல் இயலாது. பிறர்க்குப் பயன்தந்த முறையைப் பின்பற்றித் தோற்றவர், தம்மிடம் கட்டுப்பாடு இல்லை என வருந்துவதுண்டு. பல வேளைகளில் குறை அவரிடம் இல்லை. அவருடைய வரவுக்குப் பொருந்தாத முறையிலேயே உள்ளது.

பொருளீட்டலைப் பற்றிக் கூறத் திருக்குறளில் 'பொருள் செயல்வகை' என்னும் அதிகாரம் உண்டு. ஆயினும், வருவாய் சிறிதாக இருப்பதனால் கேடு வாராது, செலவு அதனை மிஞ்சாதிருத்தலே வேண்டும் என்னும் கருத்தை வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தில் வைத்துள்ளார். தம் வலிமையின் அளவை அறிதலின் ஒரு கூறாகவே வரவு செலவு அங்கு எண்ணப்படுகிறது.

முறைகள் பல

ஜப்பானியப் பெண் இதழாளர் ஹானி மோட்டோகோ 1904ஆம் ஆண்டில் குடும்பக் கணக்கேடு ஒன்றை உருவாக்கினார். 'ககேய்போ' எனப்படும் இம்முறையில் ஒவ்வொரு செலவும் கையால் எழுதப்படுகிறது. எழுதும்போதே, அச்செலவு தேவைதானா என்னும் எண்ணமும் எழுகிறது.

அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் எலிசபெத் வாரனும் அவர்தம் மகளும் 2005இல் வெளியிட்ட நூலின் வழியாக மற்றொரு முறை பரவியது. வருவாயில் 50 விழுக்காட்டைத் தேவைகளுக்கும், 30 விழுக்காட்டை விருப்பங்களுக்கும், 20 விழுக்காட்டைச் சேமிப்புக்கும் ஒதுக்குதல் அம்முறையாகும். நிலையான ஊதியம் பெறுவோர்க்கு இஃது எளிது. உணவுக்கும் வாடகைக்குமே வருவாயின் பெரும்பகுதியைச் செலவிடும் குடும்பத்திற்கு இது பொருந்தாது.

தமிழகத்து இல்லங்களில் சிறுவாடு சேர்க்கும் வழக்கம் உண்டு. அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் பெண்கள் சேர்த்த சிறுதொகை, எத்தனையோ குடும்பங்களின் மருத்துவச் செலவுக்கும் கல்விக்கும் கைகொடுத்துள்ளது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம், தனித்தனியே சேர்த்த சிறுதொகையைக் கூட்டுச் சேமிப்பாக வளர்த்தது. தனியே சேமிக்க இயலாதவரையும் குழுவின் ஒழுங்கு சேமிக்க வைக்கிறது.

கடல் கற்பிக்கும் கணக்கு

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. மீன்களின் இனப்பெருக்கத்திற்காக விதிக்கப்படும் இத்தடைக் காலத்தில் படகுத் தொழிலாளர்க்குக் கடல் வருவாய் இல்லை. பள்ளிகள் திறக்கும் காலமும் இந்நாள்களிலேயே வந்துசேர்கிறது. அரசின் நிவாரணத் தொகை ஓரளவு துணைசெய்யினும், குடும்பத்தின் முழுச்செலவையும் அது தாங்காது.

ஆண்டின் 365 நாள்களில் 61 நாள்கள் என்பது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஆகவே, எஞ்சிய நாள்களில் கிடைக்கும் வருவாயில் ஆறில் ஒரு பங்கைத் தனியே வைத்தால், தடைக் காலத்திலும் அடுப்பு அதே அளவில் எரியும். இத்தொழிலாளர் டீசல், பனிக்கட்டி முதலிய செலவுகள் போக எஞ்சியதிலேயே பங்கு பெறுகின்றனர். அப்பங்கு நாளுக்கு நாள் மாறும். மாதம் 2,000 ரூபாய் சேமிப்பேன் என உறுதிகொண்டவர், மீன்பாடு குறைந்த மாதத்தில் அவ்வுறுதியைக் கைவிட நேரும். ஒவ்வொரு முறை பங்கு பெறும்போதும் ஆறில் ஒன்றை எடுத்து வைப்பவர்க்கு அந்நிலை வாராது. வரவு கூடினால் சேமிப்பும் கூடும். குறைந்தால் தானும் குறையும்.

கடனின் உண்மை விலை

பொருந்தாத முறை உடையும்போது மக்கள் பெரிதும் நாடுவது தண்டல் கடனை. 10,000 ரூபாய்க் கடனில் 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கொடுப்பதாகவும், நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள்கள் திருப்பிக் கட்டுவதாகவும் கொள்வோம். நூறு ரூபாய் சிறுதொகையாகத் தோன்றும். ஆனால், நாள்தோறும் கடன் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாகக் கடன்பட்டவரிடம் இருப்பது பெற்ற தொகையில் பாதியளவே. அதற்கு நூறு நாள்களில் 1,500 ரூபாய் வட்டி என்றால், ஆண்டுக் கணக்கில் அது 100 விழுக்காட்டையும் தாண்டும். இத்தகைய மிகைவட்டியைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2003இல் சட்டம் இயற்றியது. அவசரத் தேவைக்கென ஒதுக்கிய சிறுதொகை, அக்கடனின் வாசலுக்கே செல்லாமல் காக்கும்.

தமக்குரிய முறை

முறையைத் தேர்வதற்குமுன் ஒரு மாத வரவையும் செலவையும் உள்ளவாறே எழுதிப் பார்த்தல் நன்று. வரவு நிலையானதா, மாறுவதா? எந்த மாதங்களில் குறைகிறது? கையில் பணம் இருந்தால் செலவாகிவிடுகிறதா? இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளே முறையைச் சுட்டும். நிலையான ஊதியத்திற்கு மாதத் திட்டமும், மாறும் வருவாய்க்குப் பங்குக் கணக்கும், கைப்பணத்தைக் காக்க இயலாதவர்க்கு அஞ்சலகத் தொடர் வைப்பும் பொருந்தலாம். வாழ்க்கை மாறும்போது முறையும் மாறவேண்டும்.

பேருந்துக் கட்டணத்தில் மீந்த சில ரூபாயையும் விழாநாளில் பெரியோர் அளித்த தொகையையும் கணக்கெழுதிப் பழகும் மாணவர், தம் முதல் ஊதியம் கைக்கு வரும் நாளில் பிறர் வழியைத் தேடி அலையார். அவர் தம் வலிமையின் அளவை முன்னரே அறிந்திருப்பார்.