கவர்னர் ஏறிய குதிரை வண்டி
ஆஸ்திரேலியப் பாலை நிலத்தில் ஒரு துணிச்சல் பயணம்

கவர்னர் என்றால் மாளிகை, விருந்து, சலாம் என்றுதான் நினைப்போம். ஆனால் கிண்டோர் பிரபு என்ற கவர்னர், புழுதியும் வெயிலும் நிறைந்த காட்டுவழியில் குதிரை வண்டியில் போனார். ஆண்டு 1891.

கிண்டோர், தெற்கு ஆஸ்திரேலியாவின் கவர்னர். வெகு தூரத்தில் இருந்த வடக்குப் பிரதேசமும் அப்போது அவருடைய ஆட்சியில் இருந்தது. அதை நேரில் பார்க்க விரும்பினார். கப்பலில் வடகோடியில் உள்ள டார்வின் துறைமுகம் சென்று, அங்கிருந்து தரை வழியாக அடிலெய்டு திரும்பினார்.

ரெயில் இல்லாத ஆயிரம் மைல்

வடக்கே பைன் கிரீக் வரை ரெயில் உண்டு. தெற்கே ஊட்னடாட்டா வரை ரெயில் உண்டு. இடையில் ஆயிரம் மைலுக்கு மேல் ரெயிலே இல்லை. 1872-ல் போட்டு முடித்த தந்திக் கம்பிதான் வழிகாட்டி.

அந்தக் கம்பிக்கும் நம் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு. ஆஸ்திரேலியச் செய்திகள் சிங்கப்பூர், பினாங்கு, சென்னை வழியாகத்தான் லண்டனுக்குப் பறந்தன.

தண்ணீரே உயிர்

மனிதன் ஒரு தோல் பையில் நீர் கொண்டு போகலாம். குதிரைக்கு அது போதுமா? நீர் உள்ள இடத்தை ஒட்டியே பாதை சென்றது. தந்தி நிலையங்களும் அப்படியே அமைந்தன.

அந்த நீர்நிலைகள் யாருடையவை? பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்த பழங்குடி மக்களுடையவை. தகராறு வராமல் இருக்குமா? 1874-ல் பாரோ கிரீக் தந்தி நிலையம் தாக்கப்பட்டது. ஊழியர் இருவர் மாண்டனர். அதற்குப் பழிவாங்கப் புறப்பட்ட வெள்ளையர் படை, பழங்குடியினர் பலரைச் சுட்டுக் கொன்றது. அந்தப் பாரோ கிரீக்கும் கவர்னர் சென்ற பாதையில்தான் இருந்தது.

கண் இல்லாத அதிசயம்

கவர்னருடன் டாக்டர் எட்வர்டு ஸ்டிர்லிங் என்ற பேராசிரியரும் சென்றார். வழியெல்லாம் செடிகளையும் பிராணிகளையும் சேகரித்தார். மணலுக்குள் நீந்துவது போலச் செல்லும் ஒரு சிறு பிராணியை உலகுக்கு விவரித்தவர் இவரே. அதற்குப் பார்வை கிடையாது. பொன்னிற ரோமம், கங்காருவைப் போல வயிற்றில் பை! விஞ்ஞானிகளுக்கு அது புதுமை. ஆனால் அந்த மண்ணின் மக்கள் 'இத்ஜாரித்ஜாரி' என்று அதற்கு எப்போதோ பெயர் வைத்திருந்தார்கள்.

பெயர் யாருடையது?

தந்திப் பாதைக்கு வெகு மேற்கே உள்ள ஒரு மலைத்தொடருக்கு 1889-லேயே கிண்டோரின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். தாய்நிலத்தை விட்டு வெளியேறியிருந்த பிண்டுபி மக்கள், 1981-ல் அங்கே திரும்பி வந்து ஓர் ஊரை அமைத்தார்கள். வரைபடத்தில் அதன் பெயர் கிண்டோர். அவர்கள் அழைப்பது 'வாலுங்குரு'.

அடிலெய்டிலிருந்து டார்வின் வரை ரெயில் ஓடத் தொடங்கியது 2004-ல்தான். கவர்னரின் குதிரை வண்டி போய் 113 ஆண்டுகளுக்குப் பிறகு!